தொலைத்துவிட்டு நடக்கக்கூடிய பந்து

கோல்ஃப் கடையின் கவுண்டருக்குப் பின்னால் புதிதாக நிற்க வந்திருக்கிறீர்கள். முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் வந்து, "எனக்கு எந்தப் பந்து நல்லது?" என்று கேட்பார். உங்கள் கை தன்னால் அலமாரியின் மேல்தட்டுக்குப் போகும். விலை கூடின பெட்டிகள் அங்கேதான் இருக்கும். தயவுசெய்து அந்தக் கையைக் கொஞ்சம் கட்டி வையுங்கள்.

மைசூரில், சாமுண்டி மலையைப் பார்த்தபடி இருக்கிற ஒரு கிளப்பின் கடையைப் பல வருஷம் கவனித்துக்கொண்டவள் நான். பந்துகளைப் பற்றிக் கம்பெனிக்காரர்கள் அச்சடித்துத் தரும் தாள்களை நீங்களே படித்துக்கொள்வீர்கள். நான் கண்ட சுருக்கம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆட வருகிறவர்களுக்கு இரண்டு அடுக்குப் பந்து போதும். உள்ளே ரப்பர் உருண்டை, மேலே கெட்டியான தோல். சீக்கிரம் கீறல் விழாது, கோணல் அடியையும் ரொம்பக் கோணலாக்காது. மேல்தட்டுப் பந்துக்கு மெல்லிய தோல் என்பதால், குழி இருக்கிற புல்மேடையில் விழுந்ததும் சட்டென்று நிற்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் முதலில் அது புல்மேடை வரை போய்ச் சேர வேண்டுமே! குளத்திலிருந்து எடுத்து மேலே பெயின்ட் அடித்து விற்கிற பந்துகளை மட்டும் கடைக்குள் விடாதீர்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும், உள்ளே எத்தனை மாதம் ஊறியது என்று யாருக்கும் தெரியாது. பந்தைப் பற்றி இவ்வளவுதான். அதை வாங்குகிற ஆளைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது.

எங்கள் கிளப்பில் ஞாயிறு காலை என்பது பழைய மெம்பர்களின் சொத்து. அதில் ஒரு துண்டைப் புதியவர்களுக்குக் கொடுங்கள் என்று நான் கமிட்டியோடு மல்லுக்கட்டினேன். அந்தப் புதியவர்கள் நான்கு பேர். தேவராஜ மொஹல்லாவில் பாத்திரக் கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பி இருவர். சுஜாதா என்கிற பல் டாக்டர். நான்காவது ஆள் மாதேஷ். ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். மைசூருக்கு வந்து டைல்ஸ் ஒட்டும் வேலையில் ஆரம்பித்து, பிறகு அதையே காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவர். கிளப் கட்டடத்துக்குத் தரை போட வந்தபோது, ஜன்னல் வழியாக ஆட்டத்தைப் பார்த்து அதில் பைத்தியமானவர். வாரம் முழுக்கச் சிமென்டுத் தூசியில் நிற்கிற மனிதருக்கு அந்த ஒரு காலைப் பொழுதுதான் மிச்சம்.

கமிட்டி ஒப்புக்கொண்டது. ஆனால் இரண்டு மாதத்திலேயே புகார்கள் வர ஆரம்பித்தன. புதியவர்கள் ஆமை வேகத்தில் போகிறார்கள், பின்னால் வருகிற நாங்கள் வெயிலில் காய்கிறோம் என்று மெம்பர்கள் கொதித்தார்கள். கிளப்பின் கேப்டன் பெரிய உருவம், அதற்கேற்ற குரல். என்னைக் கூப்பிட்டுக் கன்னடத்தில் பொரிந்து தள்ளினார். வருகிற ஞாயிறு அந்த நால்வருக்குப் பின்னால் அவரே ஆடுவாராம். ஒரு இடத்தில் அவர் காத்து நிற்க நேர்ந்தாலும் அவர்களுடைய நேரம் ரத்து. "அஷ்டே" என்று முடித்தார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்கு முந்தைய ஞாயிறு நால்வரின் பின்னாலேயே நடந்து பார்த்திருந்தேன். அவர்கள் ஆடுவதில் நேரம் போகவில்லை, தேடுவதில்தான் போயிற்று. ஒருவருடைய பந்து புதருக்குள் போனால் நாலு பேரும் புதருக்குள் இருந்தார்கள். காரணம், நாலு பேர் கையிலும் விலை கூடின வெள்ளைப் பந்து. யாரோ டிவியில் ஆடுகிறவர் வைத்திருந்த பந்தாம். அதைத் தொலைத்துவிட்டு அவர்களால் நடக்க முடியவில்லை.

அதனால் அந்த ஞாயிறு காலை நால்வரையும் கடைக்குள் கூப்பிட்டு, வெள்ளைப் பந்துகளை எல்லாம் கவுண்டரில் வைக்கச் சொன்னேன். பதிலுக்கு ஆளுக்கு ஒரு பை நிறைய மஞ்சள் பந்துகள் கொடுத்தேன். கடையில் இருந்ததிலேயே மலிவான இரண்டு அடுக்குப் பந்து. புல்லில் கிடந்தால் பளிச்சென்று தெரியும். போனால் போகட்டும் என்று விட்டுவிடவும் மனசு வரும்.

"என்ன மேடம், கோலிக்குண்டு மாதிரி அள்ளித் தர்றீங்க?" என்று சுஜாதா சிரித்தார்.

"கோலிக்குண்டுன்னே வெச்சுக்கங்க. எங்க போச்சோ அங்கயே விடுங்க, அடுத்ததை அடிங்க, நடங்க. தேடினீங்கன்னா நானே உங்க நேரத்தை ரத்து பண்ணிடுவேன்."

மாதேஷ் வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் வைத்தபடியே நின்றார். அதை நான் பார்க்கத்தான் செய்தேன். ஆனால் கேட்கவில்லை, ஆட்டம் தொடங்குகிற அவசரம்.

நானும் கூடவே நடந்தேன். முதல் பாதி கச்சிதமாகப் போயிற்று. பாத்திரக்கடைத் தம்பியின் பந்து யூகலிப்டஸ் மரங்களுக்குள் போனபோது அண்ணன் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் கேப்டனின் கூட்டம் தூரத்தில்தான் இருந்தது. எனக்குள் பதைப்பு குறையவில்லை, ஆனாலும் முடித்துவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

அப்புறம் குளம் வந்தது. அந்தக் குளத்தைத் தாண்டித்தான் அடிக்க வேண்டும், அதற்கு வேறு வழி கிடையாது. மூன்று பேர் அடித்தார்கள். இரண்டு மஞ்சள் பந்துகள் தண்ணீருக்குள் போயின, யாரும் வருத்தப்படவில்லை. கடைசியாக மாதேஷ். பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தார். கையில் வெள்ளைப் பந்து.

"மாதேஷ், அது எதுக்கு இப்ப?"

"ராசியான பந்துங்க்கா. எம்பொண்ணு மொத சம்பளத்துல வாங்கிக் குடுத்தது. இது தண்ணியத் தாண்டீருமுங்க."

தடுக்க வாயெடுப்பதற்குள் அடித்துவிட்டார். நல்ல அடி. பந்து குளத்தைத் தாண்டி எதிர்க்கரையில் விழுந்தது. நாலு பேரும் கத்தினார்கள். ஆனால் அந்தக் கரை சரிவானது. பந்து மெதுவாக உருள ஆரம்பித்து, அவசரமே இல்லாமல் வந்து தண்ணீருக்குள் இறங்கியது.

நாங்கள் சுற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனபோது அந்தப் பந்து கண்ணுக்குத் தெரிந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. கலங்கல் இல்லாத தண்ணீர், ஒரு முழ ஆழத்தில் வெள்ளையாகக் கிடந்தது. தெரியாத இடத்தில் விழுந்திருந்தால் மாதேஷ் பெருமூச்சு விட்டுவிட்டு நடந்திருப்பார்.

"விட்டுடுங்க மாதேஷ். கேப்டன் அந்தப் பக்கம் வந்தாச்சு."

"இங்கயேதானுங்க்கா கெடக்குது. ரெண்டு எட்டு வெச்சா எடுத்தர்லாம்."

இரண்டு எட்டு வைத்தார். முதல் எட்டில் முழங்கால் வரை போயிற்று. இரண்டாவதில் தொடை. மழைக்கு மலையிலிருந்து அடித்துக்கொண்டு வந்த வண்டலெல்லாம் அந்த மூலையில்தான் சேரும். மேலே தண்ணீர் தெளிந்திருக்கும், கீழே காலை வைத்தால் பிடிமானமே இருக்காது. ஆனால் மாதேஷ் குனிந்து பந்தை எடுத்துவிட்டார். கையைத் தூக்கி எங்களிடம் காட்டிச் சிரித்தார். திரும்புவதற்காக ஒரு காலை உருவினார். உருவின வேகத்தில் மற்ற கால் இடுப்பு வரை இறங்கியது.

"அக்கா, காலு உள்ள போவுதுங்க்கா."

அப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அடுத்த தடவை உதறியபோது சிரிப்பு போய்விட்டது.

பாத்திரக்கடைத் தம்பி ஸ்டிக்கைக் கீழே போட்டுவிட்டுக் குளத்தில் இறங்கப் போனார். அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். "யாரும் இறங்கக் கூடாது! ஒருத்தரை எடுக்கவே வழியைக் காணோம், ரெண்டு பேருக்கு நான் எங்க போவேன்?" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.  எங்கள் பேட்டைப் பக்கத்து ஏரியில் எருமை ஒன்று சிக்கியபோது ஆட்கள் வெளியே எடுத்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

"மாதேஷ், ஆடாதீங்க. அப்படியே பின்னால சாயுங்க. மல்லாந்து படுக்கற மாதிரி."

சாய்ந்தார். தண்ணீர் மார்புக்கு வந்தது, ஆனால் இறங்குவது நின்றது. பக்கத்து மணல் பள்ளத்தில் மணலைச் சமப்படுத்துகிற நீளக் கைப்பிடி வாரி கிடந்தது. அண்ணன் ஓடிப் போய் எடுத்து வந்தார். கரையோரமும் காலை வைத்தால் அமுங்கியதால் தள்ளி நின்றுதான் நீட்டினோம், எட்டவில்லை.

மறுகரையில் நின்றிருந்த கேப்டனுக்கு எதுவும் புரியவில்லை. நாங்கள் பந்து தேடுகிறோம் என்றுதான் நினைத்திருக்கிறார். "பேக ஹோகி! பேக!" என்று சீக்கிரம் போகச் சொல்லிக் கத்தினார். நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டி, "ஆள் மாட்டிக்கிட்டார்!" என்று தமிழிலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றி அலறினேன். அவர் ஸ்டிக்கை எறிந்துவிட்டு ஓடி வந்தார். அந்த உடம்பு அப்படி ஓடும் என்று நான் நினைத்ததே இல்லை.

வந்தவுடன் ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார், இறங்குவதற்கு.

"சார், நீங்க கனம். நீங்க இறங்கினா உங்களை எடுக்க கிரேன்தான் வரணும். பைகளைக் கொண்டு வாங்க."

கோல்ஃப் பைகளிலிருந்து ஸ்டிக்குகளைக் கொட்டிவிட்டு, காலிப் பைகளைச் சேற்றின் மேல் வரிசையாகப் படுக்கப் போட்டோம். அங்கே இருந்தவர்களில் எடை குறைந்தவர் சுஜாதாதான். அவர் ஒன்றும் கேட்காமல் பைகளின் மேல் குப்புறப் படுத்தார். கேப்டன் அவருடைய கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் கேப்டனைப் பிடித்துக்கொண்டார்கள். சுஜாதா வாரியை நீட்டினார். இந்த முறை எட்டியது, கைப்பிடி மாதேஷின் நெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

மாதேஷ் இடது கையால் மட்டும் பிடித்தார். ஈரத்தில் வழுக்கியது. மறுபடி பிடித்தார், மறுபடி வழுக்கியது. வலது கை மூடியே இருந்தது.

"பந்தைப் போடுய்யா!" என்று அண்ணன் கத்தினார்.

"அதைப் போட்டுடுங்க சார், ப்ளீஸ்!" என்றார் சுஜாதா.

கேப்டனும் கன்னடத்தில் அதையே கத்தினார். ஆளாளுக்குக் கத்தக் கத்த, மாதேஷின் விரல்கள் இன்னும் இறுகின. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அது பிடிவாதம் இல்லை. நாங்கள் சொல்வது அவர் காதில் விழவே இல்லை. மகள் கொடுத்ததைத் தண்ணீரில் போடு என்று எத்தனை பேர் சொன்னாலும் அந்தக் கை திறக்காது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

எல்லோரையும் வாயை மூடச் சொன்னேன். கேப்டனையும் சேர்த்துத்தான்.

"மாதேஷ், இங்க பாருங்க. பந்தை எங்கிட்ட எறிங்க. நான் வெச்சுக்கறேன். உங்க பொண்ணு குடுத்தது பத்திரமா இருக்கும். எறிங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் புடவைத் தலைப்பை விரித்துப் பிடித்தேன். கை மெதுவாகத் தண்ணீருக்கு மேலே வந்தது. எறிந்தார். தலைப்பில் விழவில்லை, என் காலடியில் புல்லில் விழுந்தது. நான் எடுத்து அவர் பார்க்கும்படி தூக்கிக் காட்டி, இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் இரண்டு கையும் வாரியைப் பிடித்தன.

வெடுக்கென்று இழுக்க விடவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் இருங்கள் என்றேன். மாதேஷ் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி, சேற்றுக்குள் தண்ணீர் புகுந்து இளகி, ஒரு தொடை வெளியே வந்து, பிறகு மற்றது வந்து... அது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. சுஜாதாவின் முழங்கைகள் இரண்டும் சிராய்ந்து ரத்தம் கசிந்தது. கடைசியில் மாதேஷ் பைகளின் மேல் வயிற்றால் ஊர்ந்து கரைக்கு வந்து விழுந்தார். ஒரு ஷூ சேற்றோடு போய்விட்டது. கேப்டன் அவர் பக்கத்திலேயே புல்லில் மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கினார். நான் உட்கார்ந்து அழுதேன். யாரும் என்னைத் தேற்றவில்லை, எல்லோரும் அதே நிலையில்தான் இருந்தார்கள்.

நால்வருக்கும் கிடைத்திருந்த ஞாயிறு காலை நேரம் கையை விட்டுப் போய்விட்டது. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். கமிட்டி கமிட்டிதான். ஆனால் கேப்டன் அவர்களுக்காக வாதாடி, ஞாயிறு மதியத்தில் ஒரு இடம் வாங்கிக் கொடுத்தார். வெயில் மண்டையைப் பிளக்கும், ஆனாலும் இடம் இடம்தானே. தண்ணீரில் விழுந்த பந்து குளத்துக்கே சொந்தம், மஞ்சள் பந்தைத் தவிர வேறு எதுவும் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. மாதேஷ் காலையில் வேலையை முடித்துவிட்டு மதியம் வந்தார். அதே குளத்தில் மஞ்சள் பந்தை விட்டார். பைக்குள் கைவிட்டு அடுத்ததை எடுத்தார். அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

வெள்ளைப் பந்து என் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது. "உங்ககிட்டயே இருக்கட்டுங்க்கா. ஊட்டுல எதுவும் சொல்லிப்போடாதீங்க, புள்ள பயந்துக்குவா" என்று மாதேஷ் கெஞ்சிக் கேட்டிருந்தார். நானும் சரி என்று சொல்லியிருந்தேன்.

சில நாள் கழித்து அந்தப் பெண்ணே கடைக்கு வந்தாள். பவித்ரா. கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது. இங்கே வளர்ந்த பெண், தமிழை விடக் கன்னடம் சரளமாக வந்தது. வேண்டும் என்பதற்குப் 'பேக்கு', இல்லையா என்பதற்கு 'அல்வா', என்றார் என்பதற்கு 'அந்தாரு' என்று தமிழுக்கு நடுவிலும் கன்னடம்தான் விழும்.

"ஆண்ட்டி, அப்பாக்கு வொய்ட் பால் ஒரு டப்பா பேக்கு. போன தடவை நான் வாங்கினேன் அல்வா, அதே. எல்லாம் தொலைஞ்சு போச்சு அந்தாரு. ஆனா புதுசு வாங்க வேணாம் அந்தாரு. ஏன்னு கேட்டா சொல்லவே மாட்டேங்கறார்."

மேல்தட்டில் அந்தப் பெட்டி இருந்தது. அவள் பர்ஸைத் திறந்து தயாராக நின்றாள். அதை விற்காமல் இருக்க எந்தக் கடைக்காரருக்கும் காரணம் கிடையாது. வாங்கக் கூடாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். நான் வாக்குக் கொடுத்திருந்தேன். பொய் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அந்த வெள்ளைப் பெட்டியை எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். அதன் பக்கத்தில் ஒரு மஞ்சள் பந்துப் பெட்டியையும் வைத்தேன்.

அவள் மஞ்சளின் விலையைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள். "இது சீப் ஆண்ட்டி. அப்பாக்குப் போய் இதையா தர்றது? எனக்காக எவ்வளவு பண்ணியிருக்கார்."

"இது தொலைஞ்சா உங்கப்பா திரும்பிக்கூடப் பாக்காம நடந்து போயிடுவாரும்மா" என்றேன்.

"அதுல என்ன நல்லது?"

நான் இரண்டு பெட்டிகளையும் அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். அவள் பெட்டிகளை மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் பர்ஸுக்குள் போன அவள் கை அசையாமல் நின்றது.

"அன்னிக்கு ஒத்தை ஷூவோட வந்தார் ஆண்ட்டி. மார் வரைக்கும் சேறு. வழுக்கி விழுந்துட்டேன் அந்தாரு." குரல் தாழ்ந்துவிட்டது. "நான் வாங்கித் தந்த பந்துக்காகவா?"

நான் கவுண்டரின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பவித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெள்ளைப் பெட்டியை விரல் நுனியால் என் பக்கம் தள்ளினாள்.

"மஞ்சளே கொடுங்க ஆண்ட்டி. ரெண்டு டப்பா. சீக்கிரம் தொலைக்கட்டும்."